ஆற்றுப் பாலத்தில் தேவசகாயம் மாமா

என் புருஷன் என் புருஷன் இல்லை என்பது எனக்கு ஒரு பாலத்தில் வைத்துத்தான் தெரிந்தது. தாமிரபரணிப் பாலம் இல்லை, டிவிக்குள் இருக்கிற பாலம். கட்டம் கட்டமாக வரைந்த ஓர் ஆறு, அதன்மேல் மூன்று கட்ட அகலத்தில் ஒரு பாலம், அக்கரையில் சிவப்புச் சட்டை போட்ட எதிரிகள். அந்தப் பாலத்தில் என் தாய்மாமா தேவசகாயத்தைக் காப்பாற்ற இசக்கி படாதபாடு பட்டான்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

இசக்கியும் நானும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அதனால் எனக்கு அவன் எப்போதும் அவன்தான். இந்த வயதில் மரியாதை கொடுத்துப் பேசினால் அவனுக்கே சிரிப்பு வரும். நான் வேதக்காரி, கிறிஸ்தவக் குடும்பம், பெயர் பியூலா. அவன் இசக்கியம்மன் பெயரை வைத்தவன். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. ஆசீர்வாதம் வாங்கப் போனபோது தலைமையாசிரியர் தேவசகாயம் மாமா எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அவனுடைய பேச்சி அத்தை மண்ணை வாரித் தூற்றினாள். இரண்டு பக்கத்திலும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

வண்ணார்பேட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அவனுடைய சிநேகிதன் ஒருத்தன் துபாயிலிருந்து கொண்டுவந்து, ஆடிச் சலித்துப்போன விளையாட்டுப் பெட்டி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தான். அதோடு வந்தது ஒரே ஒரு ஆட்டம், ‘ஏழு கோட்டை’. சதுரங்கம் மாதிரிதான். ஒரு முறை நம் படை நகரும், ஒரு முறை எதிரி நகர்வான். சதுரங்கத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு. ஒவ்வொரு வீரனுக்கும் முகம் உண்டு, நாமே பெயர் வைக்கலாம். செத்துப்போனால் அவ்வளவுதான், அடுத்த சண்டைக்கு அவன் வரமாட்டான்.

பெயருக்கா பஞ்சம்? கல்யாணத்துக்கு வராத சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் படையில் சேர்த்தோம். பேச்சி அத்தை குதிரையில் வந்தாள். தேவசகாயம் மாமா ஈட்டிக்காரர். இசக்கி தலைவன், நான் வைத்தியக்காரி. ஒரே ஜாய்ஸ்டிக், ஆளுக்கொரு முறை கைமாற்றி ஆடுவோம்.

இசக்கி முறை வந்தால் போதும், மாமாவைத் தனியாகப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவான். “போவும் மாமா, போய் அந்தக் கதவையும் சாத்திட்டு வாரும்” என்பான். மாமா இரண்டு அடியில் சாவார். அவன் கைதட்டிச் சிரிப்பான்.

“பாவம்டா, அவருக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா” என்பேன்.

“டிவிக்குள்ளயுமாட்டி உங்க மாமனுக்குப் பிள்ளகுட்டி?”

நான் எட்டி ரீசெட் பட்டனை அமுக்குவேன். சண்டை முதலிலிருந்து தொடங்கும், மாமா உயிரோடு ஈட்டியைப் பிடித்து நிற்பார். இசக்கிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “செத்தது செத்ததுதாம்ட்டி. திருப்பித் திருப்பி எழுப்புனா அது வெளையாட்டு இல்ல, ஏமாத்து” என்று ஜாய்ஸ்டிக்கைப் படுக்கையில் எறிந்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான். அந்தப் பட்டனை அவன் ஒருநாளும் தொட்டதில்லை.

அவன் அப்படித்தான். வாயைத் திறந்தால் எரிச்சல், மூடினால் நாள்கணக்கில் மூடியேதான் இருப்பான். போனில் நான் பத்து வரி எழுதினால் ‘ம்’ என்று பதில் வரும். மகள் ஷீபா பிறந்து, வளர்ந்து, ரோட்டர்டாமுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளிடமும் அவன் பேசியதெல்லாம் “பணம் வேணுமா?” மட்டும்தான். நான் அவனோடு சண்டை போட்டே கிழவியானவள்.

போன வருடம் ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. உயிர் பிழைத்தான், ஆனால் வலது பக்கம் செயலற்றுப் போனது. பேச்சும் போனது, என்னையும் தெரியவில்லை.

அப்போதுதான் மூளைக்குள் நிரப்பி என்ற கருவியை வைக்கலாம் என்றார்கள். இப்போது பாளையங்கோட்டையில் தெருவுக்கு நாலு பேர் நிரப்பி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்த சிகிச்சை மையத்தில் காட்வின் என்ற பொறியாளர் எல்லாம் விளக்கினான். ஷீபா வயதுதான் இருக்கும்.

“மூளைல செத்துப்போன எடத்துல இது உக்காந்துக்கிடும்மா. சார் என்ன சொல்லுவாரு, என்ன செய்வாருன்னு கணிச்சு, அதையே சொல்ல வைக்கும், செய்ய வைக்கும். கை காலும் நடக்கும்.”

“அப்ப பேசுறது அவரா, அதுவா?”

“ஒரு வருசத்துக்கு ரெண்டும் கலந்து. அதுக்குமேல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கட்டும், வலிப்பு வரும். நீங்க சம்மதிச்சா உறுதிப்படுத்திருவோம். மிச்சம் கிடக்கிற பழைய பகுதிய அமத்திட்டு இதுகிட்டயே முழுசா விட்டுருவோம். இல்லன்னா நிரப்பிய எடுத்துரணும்.”

பிறகு பல நாள் என்னை உட்காரவைத்து அவனைப் பற்றிக் கேட்டார்கள். நானும் சொன்னேன். படுத்துக் கிடக்கிற மனுஷனைப் பற்றி வெளியாளிடம் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ரொம்பப் பொறுமை என்றேன். பிள்ளை என்றால் உயிர் என்றேன். என்னை ஒரு சொல் சொன்னதில்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம் நாம் எல்லாரும் எப்படிப் பேசுவோமோ அப்படித்தான் நானும் பேசினேன்.

நிரப்பி வைத்து வீட்டுக்கு வந்த இசக்கி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நீ சாப்ட்டியாம்மா?”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஒரு வருடத்தை என்னவென்று சொல்ல! காலையில் எனக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டான். என் முட்டு வலிக்குத் தைலம் தேய்த்தான். ஷீபாவோடு ஒரு மணி நேரம் பேசினான், வைக்க மனமில்லாமல் போனை வைத்தான். நான் ஒன்றை நினைத்து வாயெடுப்பதற்குள் அவன் செய்து முடித்திருப்பான். நாற்பது வருடக் குடித்தனத்தில் கிடைக்காத புருஷன் எனக்கு அறுபத்தெட்டு வயதில் கிடைத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

வருடம் முடியும் நேரம் வந்தது. உறுதிப்படுத்த நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். “போடும்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் ஷீபா. யோசிக்க ஒன்றும் இல்லைதான். அந்தச் சந்தோஷத்தில்தான் பரணிலிருந்து பழைய விளையாட்டுப் பெட்டியை இறக்கினேன். ஜங்ஷன் பக்கம் பழைய சாமான் கடையில் கொடுத்துச் சரிபார்த்து, கூடவே ஒரு பழைய டிவியும் வாங்கிவந்தேன். ஆட்டத்துக்குள் இருந்த பாட்டரி செத்து, நாங்கள் ஆடியதெல்லாம் அழிந்திருந்தது. அதனாலென்ன, புதிதாகத் தொடங்கலாம்.

“இது ஞாவகம் இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்லையேம்மா. நீ சொல்லிக்குடு, ஆடுவோம்” என்றான். இந்த ஆட்டத்தைப் பற்றி நான் காட்வினிடம் சொல்லியிருக்கவில்லை, அதனால் நினைவில்லாதது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. பெயர்களை நானே எழுதினேன். மாமா, அத்தை, எல்லாரும் திரும்ப வந்தார்கள். முதல் சண்டையிலேயே பாலம்.

அவன் முறை வந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவன் மாமாவைப் பின்னால் இழுத்தான். பக்கத்தில் வைத்தியக்காரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். முன்னால் அத்தையின் குதிரையைக் குறுக்கே விட்டான். அப்படியும் சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் சுற்றி வந்து மாமாவைக் குத்தினான், மாமா விழுந்தார்.

“ஐயோ பாவம், அவருக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா” என்றான் இசக்கி. சொல்லிக்கொண்டே எட்டி ரீசெட்டை அமுக்கினான்.

சண்டை முதலிலிருந்து தொடங்கியது. மாமா உயிரோடு ஈட்டியைப் பிடித்து நின்றார். நான் இசக்கியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் அதே மாதிரி ஆடினான். நான் எந்த வீரனை எங்கே வைப்பேனோ, அங்கே வைத்தான். எங்கே பயப்படுவேனோ, அங்கே பயந்தான். என் முறை வந்தபோது ஜாய்ஸ்டிக்கை வாங்க எனக்குக் கை வரவில்லை. நான் ஆட என்ன மிச்சம் இருந்தது?

மறுநாள் காட்வின் முன்னால் போய் உட்கார்ந்தேன். “அது அவன் ஆட்டம் இல்ல தம்பி. அது என் ஆட்டம். எப்படி?”

“ஒரு கிணறு இடிஞ்சு போச்சுன்னா அதத் தூர்க்க மண்ணு எங்கருந்தும்மா எடுப்போம்? பக்கத்து வயல்ல இருந்துதான எடுக்கணும். சார் விட்டுவச்சது ரொம்பக் கொஞ்சம். போன்ல எழுதுனது பூரா ‘ம்’, ‘சரி’, ‘வாரேன்’. ரெண்டு வரி குரல் பதிவு கூட இல்ல. அவருகூட நெருங்கி வாழ்ந்தவங்க எழுத்து, பேச்சு, அத வச்சுத்தான் ரொப்புனோம். அது உங்களோடது. நீங்க ஒப்புக்கிட்டதுதாம்மா.”

“நான் அவனப் பத்திச் சொன்னேனே, அத வைக்கலையா?”

“வச்சோம். நீங்க சொன்ன சாருக்குக் கோவமே வராதேம்மா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, “எல்லா வீட்டுலயும் இதுதான் நடக்குது. யாரும் வந்து கேக்குறதில்ல” என்றான்.

நடந்தே வீட்டுக்குத் திரும்பினேன். எதிர்வீட்டு ஜெயசீலன் சார் நிரப்பி வைத்தவர், குனிந்து பார்த்துக் கோலத்தைத் தாண்டிப் போனார். முன்பு அதை மிதித்துவிட்டுப் போவதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம். முனை வீட்டில் ஒரு மாமியார் மருமகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நிரப்பி வைத்துத் திரும்பிய எந்த மாமியாரும் அதன்பிறகு சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதையெல்லாம் நான் தினமும் பார்த்து, மருத்துவம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டவள்தான். அன்று அந்தத் தெருவில் நடக்கப் பயமாக இருந்தது.

நான் ஒரு வருடம் யாரோடு குடும்பம் நடத்தினேன்? என்னோடுதான். அப்படியானால் அவன் எங்கே?

திரும்பவும் போய்க் காட்வினிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், ஒரு மணி நேரம் நிரப்பியை நிறுத்திவைக்க முடியுமா என்று. “முடியும். ஆனா நீங்க பாக்கணுமாம்மா?” என்றான். பார்க்கணும் என்றேன்.

மையத்திலேயே ஓர் அறையில் டிவியையும் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தேன். வெயில் ஜன்னல் வழியே நன்றாக விழுந்தது. இசக்கி எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். காட்வின் கையிலிருந்த கருவியைத் தட்டினான். இசக்கியின் வலது கன்னம் மெள்ளச் சரிந்தது. வலது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. கண் எங்கேயோ போய்விட்டது.

ஆட்டத்தைப் போட்டேன். ஜாய்ஸ்டிக்கை அவன் இடது கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைவிரல் அசைந்தது. யாரையோ எங்கேயோ நகர்த்தினான். தோதும் இல்லை, கணக்கும் இல்லை. சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்து ஒவ்வொருவராகக் கொன்றார்கள். மாமா போனார், அத்தை போனாள், நான் போனேன். கடைசியில் தலைவனும் விழுந்தான். தோற்றுவிட்டீர்கள் என்று திரை கறுத்தது. பழக்கதோஷம், என் கை ரீசெட்டுக்குப் போனது.

ஜாய்ஸ்டிக் கீழே விழுந்தது. அவன் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வலிக்கிற பிடி.

“வேண்டாம்” என்றான். வாய் கோணி, எச்சிலோடு வந்தது அந்தச் சொல். ஆனால் தெளிவாகத்தான் வந்தது.

“எது வேண்டாம்? ஆட்டமா?”

அவன் என்னைப் பார்த்தான். என்னை யாரென்று தெரிந்து பார்த்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்தக் கண்ணில் பாசமும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. அந்த எரிச்சலை நான் ஒரு வருடமாகப் பார்க்கவில்லை. எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் அந்தப் பொறுமைசாலிக்கு அடியில் இவன் கிடந்திருக்கிறான்.

காட்வின் திரும்ப இயக்கினான். கன்னம் நிமிர்ந்தது. “என்னம்மா, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு?” என்று இசக்கி என் முகத்தைத் துடைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வேன்? குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்து என் தலையைத் தடவினான்.

“கையெழுத்துப் போட்டுரும்மா. அவன் பாவம், உள்ள கிடந்து கஷ்டப்படுதான். உறுதிப்படுத்திட்டா அவனுக்கு வலி இருக்காது.”

நான் எனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. எனக்குப் பசித்தால், பிள்ளைக்குப் பசிக்கும், வண்டியை நிறுத்து என்பேன். எனக்குக் குளிர்ந்தால், உனக்குச் சளி பிடிக்கும், ஃபேனைக் குறை என்பேன். இவனும் அதைத்தான் செய்கிறான். இவன் உயிர்ப்பிச்சை கேட்கிறான். நான் கேட்டிருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பேன்.

“ஒனக்குப் பயமா இருக்கா?” என்றேன்.

“எனக்கென்ன பயம்? நீ நல்லா இருந்தா போதும்” என்று சிரித்தான்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பிடித்தது இவனைத்தான், அதில் சந்தேகமே இல்லை. இவன் என் மனதறிந்தவன், என்னை அழவிடாதவன். ஆனால் வேண்டாம் என்று கையைப் பிடித்தது அவன். அந்தப் பிடியைத் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. ஷீபாவிடம் சொன்னேன். “எனக்கு வாய்ச்ச அப்பா இவருதாம்மா. அவர எடுக்க நீ யாரு?” என்று கத்தினாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அதன்பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை.

நிரப்பியை எடுக்கப் போன அன்று காலை அவன் எனக்கு முன்னால் எழுந்து குளித்திருந்தான். என் மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போட்டு வைத்திருந்தான். துவைத்ததை மடித்திருந்தான். எங்கே போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் நான் திரும்பியிருப்பேன். அது அவனுக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

மையத்தில் கட்டிலில் படுத்தபிறகு காட்வினைக் கூப்பிட்டான். “தம்பி, மழை வரும்போல இருக்கு. இவளுக்கு முட்டு வலி. காரை வாசல் வரைக்கும் வரச் சொல்லிரு.”

காட்வின் தலையாட்டிவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டான். இசக்கி என்னைப் பார்த்தான்.

“வீட்டுச் சாவி என் சட்டப்பைல இருக்கு. அப்புறம் தேடாத.”

நான் அவன் கையை விடவில்லை. கை என் கையில் இருக்கும்போதே கனத்துவிட்டது.

மழை வரத்தான் செய்தது. காரில் இசக்கி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சாய்ந்து கிடந்தான். வாயில் வழிந்ததைத் துடைக்கப் போனேன், இடது கையால் தட்டிவிட்டான். மறுபடியும் துடைத்தேன், மறுபடியும் தட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் துணையோடு அவனைக் கட்டிலில் கிடத்தி, ஈரத் துணியை மாற்றிவிட்டு அடுக்களைக்குப் போனேன். பானையில் தண்ணீர் வைத்து, அரிசி எடுத்துக் களைந்து உலையில் போட்டேன். போட்டபிறகுதான் பார்த்தேன், அது போனவனுக்கும் சேர்த்து மூன்று பேருக்கு உண்டான அரிசி. அள்ளி எடுக்க மனமில்லாமல் அப்படியே வடித்தேன்.